வாப்பாவின் மூக்கு

வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டும் கடைசி வாளித் தண்ணீரில் கலக்கக் கற்பூரம் கேட்டு, கூடப்பிறந்த ஸலாஹுதீன் காக்கா கதவடிக்கு வந்தபோது கமீலா அதைப் பொடித்து முடித்திருந்தாள். கிண்ணத்தை நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை.

"காக்கா, தம்பிலுவில் செல்லத்தம்பி மாமா வந்திரிக்கார். எலுமிச்சைக்குக் கீழ நிக்கார்."

"கண்டன்."

"வாப்பா நேத்து அஸருக்குப் பொறகு செல்லினது..."

"அது நோக்காட்டுல செல்லின கத. மையத்த வெச்சிக்கிட்டு ஊரச் சிரிக்க வைக்கவா பாக்கிறா? அந்த மூக்குட பேருக்குத்தான் முதலாளி எனக்கும் கடையில வேல தந்தவரு."

கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மூக்கைக் கல்முனை முழுதும் அறியும். இருபது வருசமாய் வாப்பா அப்துல் ஸமட், சீனிமுகம்மது முதலாளியின் கடையில் சுங்கான் குழாயில் போட்டுப் புகைக்கும் புகையிலைக்குப் பதம் பார்த்தவர். மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போகும் தூள் அது. இலையை உள்ளங்கையில் கசக்கி முகர்வார். நெருப்பு வைக்காமல் சுங்கானில் ஒருதரம் இழுப்பார். பிறகு பற்றவைத்து, புகையை நாக்கில் உருட்டி மெதுவாய் மூக்கால் விடுவார். அவர் "எடுங்க" என்றால்தான் கடை எடுக்கும்.

சூறாவளி அடித்த மறு வருசம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்படியில் அவருக்குப் பக்கத்திலேயே சோறு கருகிப் புகைந்தது. அவர் பேசாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஓடிவந்த கமீலாவின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கே விசயம் விளங்கியது. "ஆருக்கும் செல்லாத மகள்" என்றார். அவளும் சொல்லவில்லை.

அதன் பிறகு கண்ணால் பார்த்தே பதம் சொன்னார். செல்லத்தம்பி கொண்டுவந்த இலையில், பதப்படுத்தக் காய்ச்சி ஊற்றிய கித்துள் பனைப் பாணி உறைந்து வெள்ளையாய்ப் படிந்திருந்தது. கடை நிறைந்த ஆட்களுக்கு முன்னால் வாப்பா சுங்கானைக் கீழே வைத்தார். "பூஞ்சண நாத்தம்." செல்லத்தம்பி பொதியைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த போகம் அவர் புகையிலை நடவில்லை. கரைவலை இழுக்கக் கூலிக்குப் போவதாய்க் கேள்விப்பட்டார்கள். அது பாணி என்று விளங்கிய அன்று வாப்பா சோறு தின்னவில்லை. ஆனால் தம்பிலுவிலுக்குப் போகவும் இல்லை.

நேற்றுத்தான், செல்லத்தம்பியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவள் கையைப் பிடித்தார். "சந்தூக்கு எடுக்கிறத்துக்கு முந்தி அவன்ட பொருத்தம் வாங்கிரு மகள். உள்ளதச் செல்லி வாங்கு."

கபன் துணி சுற்றி, மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். ளுஹர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. வாசலில் காக்காவின் குரல் கேட்டது.

"வாப்பா ஆருக்காவது நோவினை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

"பொருந்தினோம்" என்றார்கள் எல்லோரும். ஜன்னலால் பார்த்தாள். செல்லத்தம்பி நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் வாய் அசையவில்லை.

கமீலா முக்காட்டை இழுத்துவிட்டு அடுப்படிக் கதவைத் திறந்தாள். மாமி சபியா உம்மா அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"எங்க கா போறா? ஆம்புளயள் நிக்காங்க!"

"ரெண்டு சொல்லு மாமி. விடுங்க."

செல்லத்தம்பி நின்ற எலுமிச்சைக்குப் பக்கத்து வேலியடியில் போய் நின்றாள்.

"மாமா, அண்டைக்கு வாப்பாக்கு மணம் தெரியாது. காய்ச்சலோட போயிட்டு. உங்கட இலையில குத்தம் இல்ல. வெள்ளயாப் படிஞ்சிருந்தது பாணி. வாப்பா கண்ணால பாத்துத்தான் செல்லினவர். வெக்கத்துல மறைச்சவர். நானும் மறைச்சன்."

சந்தூக்கடியில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. காக்கா திரும்பிப் பார்த்தார்.

"பாணிதான் எண்டு எனக்குத் தெரியாதா மகள்? நான்தானே காய்ச்சி ஊத்தின?" செல்லத்தம்பி தலையை நிமிர்த்தினார். "ஆனா சொன்னது ஸமட் காக்கா. வீட்ட போய் நானும் மணந்து பாத்தன். எனக்கும் பூஞ்சண நாத்தம்தான் வந்திச்சு. அவ்வளவையும் வாய்க்கால்ல கொட்டிட்டன்."

கமீலாவுக்குக் கண் கலங்கியது. "பொருந்துவீங்களா மாமா?"

அவர் தலைக்கு மேலிருந்த எலுமிச்சைக் கிளையில் ஓர் இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொருதரம் முகர்ந்தார். இலையை வேலிக் கம்பின் மேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

கலிமாச் சத்தத்தோடு சந்தூக்கு எழுந்தது. முன்பக்கம் தோள் கொடுத்திருந்த காக்கா, வந்து நின்றவரைப் பார்த்தார். தாடை இறுகியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு காக்கா சந்தூக்கின் கம்பில் ஓர் அடி முன்னே தள்ளி நின்றார். அந்த இடத்தில் செல்லத்தம்பி தோளை வைத்தார்.

சந்தூக்கு பள்ளிவாசல் தெருவில் திரும்பி மறைந்தது. உள்ளே பெண்கள் அழுதார்கள். கமீலா வேலிக் கம்பிலிருந்த இலையை எடுத்தாள். விரல்களில் கற்பூரம்தான் மணத்தது. கொஞ்ச நேரம் மூக்கோடு வைத்துக்கொண்டிருந்த பிறகு எலுமிச்சை வந்தது.