அரிவாள்மூக்கனைப் பார்க்க வந்தவர்கள்

பறவை ஆராய்ச்சியாளன் இஷென்பெக், தலைநகர் பிஷ்கெக்கில் அரசு வேலையில் இருந்த நண்பன் மமத்குலுக்குச் சுருக்கமாகத்தான் கடிதம் எழுதினான். அரிய பறவையான அரிவாள்மூக்கன் இந்த வருஷமும் அத்பாஷி ஆற்றுக் கூழாங்கற்களுக்கு நடுவே கூடு கட்டியிருக்கிறது; நீ மட்டும் வா; சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொள்; சத்தம் கூடாது; வோட்கா வேண்டவே வேண்டாம்.

மமத்குல் விடுப்புக் கேட்கப் போன இடத்தில், மேலதிகாரி சிதிகோவ் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். உடனே அவருக்கு இயற்கைமீது பாசம் பொங்கியது. அவர் கிளம்புகிறார் என்றதும், துணை அதிகாரிகள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே பறவை என்றால் உயிர் என்று தெரியவந்தது. சமையல்காரர், புகைப்படக்காரர், ஒலிபெருக்கி, உயிரோடு ஓர் ஆடு என்று பயணம் பெருத்தது. கடிதத்தை மதித்தவர் சிதிகோவ் மட்டும்தான். சாம்பல் நிறத்தில் புதுக் கோட்டே தைத்துக்கொண்டார்.

வண்டிகளின் புழுதியைப் பார்த்ததுமே இஷென்பெக்கின் மனைவி பாத்மா மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்பவா முடியும்? ஆற்றங்கரையில் ஆடு வெந்தது. வோட்காக் கோப்பையை உயர்த்தி, ஒலிபெருக்கியில் முதல் வாழ்த்து சிதிகோவுக்கு, அடுத்தது அவருடைய தாயாருக்கு, பிறகு அவருடைய கோட்டுக்கு. பறவையை வாழ்த்தும் முறை வந்தபோது அது ஆற்று வளைவுக்கு அப்பால் போயிருந்தது.

ஆட்டுக்குடலைக் கொத்த ஒரு வால்காக்கை வந்து இறங்கியது. பக்கத்திலிருந்த அதைச் சிதிகோவ் தொலைநோக்கி வைத்துப் பார்த்தார்.

"இதுதானே?"

எல்லோரும் இஷென்பெக்கைப் பார்த்தார்கள். மமத்குல் அவன் காலை மிதித்தான்.

"இல்லீங்கய்யா. இது வால்காக்கை. எங்க குப்பைமேட்டுலயே நாலு மேயுது."

"அது சாதாரண வால்காக்கையா இருக்கும். இது வேற மாதிரி தெரியுது" என்றார் சிதிகோவ், கோபமே இல்லாமல். துணை அதிகாரிகளுக்கும் வேறு மாதிரியே தெரிந்தது. புகைப்படக்காரர் படமெடுத்தார்.

வண்டியில் ஏறும்போது மமத்குல் முணுமுணுத்தான்: "ஒரு தடவை தலையாட்டினா கழுத்து சுளுக்கிக்குமாடா உனக்கு?"

வண்டிகள் போன பிறகு இஷென்பெக் அன்று முழுக்க ஆற்றங்கரையில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் ஆணை வந்தது. சிதிகோவ் கண்டறிந்த அரிய பறவையைக் காக்க, அந்தப் பள்ளத்தாக்கில் சரளை அள்ளத் தடை. இஷென்பெக் வருஷக்கணக்காக மனுப் போட்டும் நிற்காத லாரிகள் ஒரே நாளில் நின்றுபோயின. பாலத்தருகே பலகை நட்டார்கள். பெரிய வால்காக்கைப் படம். கீழே, அரிவாள்மூக்கன் என்று பெயர்.

"ஊரே சிரிக்குது" என்றாள் பாத்மா. "மாத்தச் சொல்லி நீங்க எழுதக்கூடாதா?"

இஷென்பெக் ஆற்றைப் பார்த்தான். தாயின் வளைந்த சிவப்பு மூக்குக்குப் பின்னால் குஞ்சுகள் கல்லோடு கல்லாக ஓடிக்கொண்டிருந்தன.

"வேணாம். மழையில பெயின்ட் உரிஞ்சா சொல்லு. அந்த வால்காக்கைக்கு நானே பூசிவிடுறேன்."