கேள்வி கேட்க ஓர் ஆள்

மேலாண்மைப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதலாம் என்று முதலில் ஆரம்பித்தது அவள்தான். அப்போது கணவன் மனைவி இருவருக்கும் ஒரே சலவை ஆலையில் வேலை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற இடம். அவன் அங்கே சூப்பர்வைசர். ‘சூப்பர்வைசர் சார்’ என்று முழுதாகச் சொல்லச் சோம்பல்பட்ட ஆட்கள் ‘சூப்பர் சார்’ ஆக்கிவிட்டார்கள். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் ‘சூப்பரு’ என்றே கூப்பிடுவாள். அவளுக்குக் கணக்குப் பிரிவு. அதனால் அவனுக்கு அவள் ‘கணக்கு’.

“இங்கயே கெடந்தா நீ சூப்பர்வைசராவே ரிட்டையர் ஆயிடுவே. மேல உக்காந்திருக்கறவங்க எல்லாம் அந்தப் படிப்பு படிச்சவங்கதான். நமக்கு மட்டும் என்ன, மூளைய அடகா வச்சிருக்கோம்?” என்றாள்.

இருவரும் படிக்க உட்கார்ந்தார்கள். கணக்குப் பகுதி அவனுக்கும் தடையில்லாமல் ஓடியது. மொழிப் பகுதிதான் முரண்டு பிடித்தது. கலைந்து கிடக்கும் வாக்கியங்களை வரிசைப்படுத்து. நான்கு சொற்களில் பொருந்தாததை எடு. பத்தியைப் படித்து ஆசிரியர் சொல்லவருவது என்ன என்று சொல். ஒவ்வொன்றுக்கும் கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள். நான்குமே பார்க்க நல்ல பிள்ளைகளாக இருக்கும்.

வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்காருவார்கள். அவள் கேள்வியைப் படிப்பாள். அவன் யோசித்து யோசித்து, “இ” என்பான்.

“எதுக்கு இளிக்கறே? விடையைச் சொல்லு.”

“விடைதான் இ.”

“தப்பு. ஆ.”

“ஆவா?” என்று அவன் வாயைப் பிளப்பான். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பாள்.

நான்கில் இரண்டை அவன் சரியாகத்தான் கழித்துவிடுவான். மிச்சமிருக்கும் இரண்டில்தான் சறுக்கல். “கரெக்டாப் போயி தப்பானதைப் புடிக்கறே பாரு, அது ஒரு தெறமை” என்று அவள் அலுத்துக்கொள்வாள். அப்புறம் ஏன் தப்பு என்று நிதானமாக விளக்குவாள். விளக்கும்போது அவள் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள். அவன் பாதி நேரம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான்.

முடிவு வந்தபோது அவளுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் மொழிப் பகுதியில் கவிழ்ந்திருந்தான்.

“நான் போகல” என்றாள் அவள்.

“போ. நான் அடுத்த வருஷம் அங்கயே வந்து சேர்றேன். ரெண்டாவது வருஷம் நீ எனக்கு சீனியர். பையத் தூக்கிட்டுப் பின்னாடியே வரேன்.”

அவள் போகாமல் இருக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே குனிந்து, “தினமும் சாயங்காலம் போன்ல கேள்வி கேப்பேன். ஏமாத்தக் கூடாது” என்றாள். பேருந்து கிளம்பிய பிறகும் அவன் அந்த இடத்திலேயே நின்றிருந்தான். பின்னால் வந்த பேருந்துக்காரர் ஒலி எழுப்பியதும்தான் நகர்ந்தான்.

முதலில் சொன்னபடியே கூப்பிட்டாள். அவன் போனை எதிர்ப்பக்க நாற்காலிக்கு நேராக, தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துக்கொள்வான். கேள்விகள், விடைகள், சிரிப்பு எல்லாம் இருந்தன. பிறகு அவளுக்குக் குழு வேலைகள் வந்தன. யார் யாரோடோ உட்கார்ந்து எதையோ தயாரிக்க வேண்டியிருந்தது. “ஒரு நிமிஷம் சூப்பரு” என்று போவாள். அந்த நிமிஷம் நீண்டுகொண்டே போகும். அப்புறம் கேள்விகளைச் செய்தியாக அனுப்பினாள். அவன் விடைகளைச் செய்தியாக அனுப்பினான். சரியென்றால் ஒரு கட்டைவிரல் வரும். தப்பென்றால் விளக்கம் வராது. சரியான எழுத்து மட்டும் வரும். கடைசியில் அதுவும் நின்றது. அவள் கூப்பிடாமல் இல்லை. சாப்பிட்டியா, தூங்கினியா, வீட்டுக்காரர் குழாயைச் சரி பண்ணினாரா என்று கேட்பாள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் யோசிக்காமலே விடை சொல்லிவிடலாம்.

தானே படித்துத் தானே விடை எழுதுவது அவனுக்கு ஒத்துவரவில்லை. கேள்வியைப் படிக்கும்போதே கண் கீழே இருக்கும் விடைக்கு ஓடியது. யாராவது வாயால் கேட்டால்தான் மூளை நின்று யோசித்தது. ஒருநாள் காலையில் கிளம்புவதற்கு முன் போனில் தன் குரலிலேயே கேள்விகளைப் பதிவு செய்தான். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு யோசிக்கச் சற்று இடைவெளி விட்டான். சாயங்காலம் வந்து, போனைக் குவளையில் சாய்த்து, ஓடவிட்டான். காலையில் கேட்டவன் யாரோ மாதிரியும், சாயங்காலம் பதில் சொல்பவன் வேறு யாரோ மாதிரியும் இருந்தது. பரவாயில்லை, வேலை நடந்தது.

ஆலையிலும் வாய் முணுமுணுத்தபடி இருக்கும். விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தில் நிற்கும் பெண்ணை எல்லோரும் உருளையக்கா என்பார்கள். நீராவிப் புகைக்கு நடுவிலிருந்து அவள் ஒருநாள் கத்தினாள்: “என்ன சூப்பர் சார், மந்திரம் சொல்றீங்களா? எந்திரம் நின்னுடப் போகுது!”

“படிக்கறேன்க்கா. பரீட்சைக்கு.”

“வீட்டம்மா சொல்லித் தரலியா?”

“அவளுக்கு நேரம் இல்லக்கா.”

உருளையக்கா விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். “நீங்க கூப்புடறதுதானே? அவங்கதான் கூப்புடணும்னு சட்டமா?”

அவன் அடுத்த இயந்திரத்தின் பக்கம் நகர்ந்தான். கூப்பிட்டால் மனைவியின் குரலில் முதலில் வருவது சந்தோஷமா, பதற்றமா என்று பிரித்தறிய முடியாமல் போயிருந்தது. அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

விடுமுறைக்கு அவள் வந்தாள். முடியை வெட்டியிருந்தாள். வேகமாக நடந்தாள், வேகமாகச் சாப்பிட்டாள். வீட்டில் எந்தப் பொருள் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் அவனைக் கேட்டாள். மறுநாள் காலை அவன் குளித்துவிட்டு வந்தபோது, அவள் அவனுடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தன் போனில் சார்ஜ் இல்லையென்று எடுத்தவள், எதையோ தொட்டுவிட்டாள் போலிருக்கிறது. அவன் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

“...பொருந்தாத சொல் எது? அ, ஓடை. ஆ, ஆறு. இ, கிணறு. ஈ, கால்வாய்.” இடைவெளி. பிறகு அதே குரல், கொஞ்சம் மென்மையாக: “அவசரப்படாதே சூப்பரு. நல்லா யோசி.”

அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். “நீயே கேட்டு நீயே...” என்று தொடங்கியவள் மேலே சொல்லவில்லை. போனை அணைத்து மேசையில் குப்புற வைத்தாள்.

“புத்தகத்தைக் குடு. இன்னிக்கி நான் கேக்கறேன்.”

அவன் ஈரத்தலையோடு எதிரில் உட்கார்ந்தான். அவள் கேட்டாள். அவன் சொன்னான். விடைகளை அவள் படித்து முடிப்பதற்கு முன்பே சரியான எழுத்து அவன் வாயில் வந்து நின்றது. பக்கங்கள் புரண்டன. ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் முகத்தில் முதலில் பெருமை தெரிந்தது. பிறகு விளக்கிச் சொல்ல எதுவும் இல்லாதவளின் சங்கடம் வந்தது.

“எல்லாமே தெரியுதே உனக்கு. இனி நான் எதுக்கு?” என்றாள் விளையாட்டாக.

அடுத்து ஒரு பத்தி. கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்று ஆலோசிக்க ஓர் அலுவலகம் வாராவாரம் கூட்டம் போட்டதைப் பற்றியது. ஆசிரியரின் தொனி என்ன? அ, கோபம். ஆ, கேலி. இ, வருத்தம். ஈ, பயம்.

“இ” என்றான். “வருத்தம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னப் பிள்ளைகூடக் கேலி என்று சொல்லிவிடும்.

“உனக்குத் தெரியும் இது.”

“தெரியாது.”

“பொய்.”

“நெசமாத் தெரியல கணக்கு. ஏன் வருத்தம் இல்ல? சொல்லு.”

அவள் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். “இங்க பாரு, வருத்தப்படறவன் இந்த எடத்துல இப்படி ஒரு சொல்லப் போட மாட்டான்...” என்று வரி வரியாக, முன்பு போலவே விளக்கினாள். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியபடி அவள் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள். மறுநாள் அவள் கல்லூரிக்குத் திரும்பினாள்.

அந்த வருடத் தேர்வில் மொழிப் பகுதியில்தான் அவனுக்கு அதிக மதிப்பெண். அவள் கல்லூரியிலிருந்தே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தான். அவள் கத்தினாள், வாழ்த்தினாள். அப்புறம் குரல் இறங்கியது.

“நானே சொல்லணும்னு இருந்தேன். எனக்கு வெளிநாட்டுல ஒரு கல்லூரிக்குப் போக வாய்ப்பு வந்திருக்கு. ரெண்டாவது வருஷம் முழுக்க அங்கதான். அங்கயே வேலை கெடைக்கவும் வாய்ப்பிருக்கு.”

“நல்லதுதானே.”

“நீ கோபப்படுவேன்னு நெனச்சேன்.”

“பட்டா, போகாம இருப்பியா?”

போனில் யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. “இல்ல” என்றாள்.

“அப்புறம் எதுக்கு அது?”

நேர்காணலுக்கு அவன் போவானா என்று உருளையக்காவுக்கே சந்தேகம். அவனுக்கும்தான். ஆனால் அன்றைக்குக் காலையில் எழுந்தான், சட்டையைத் தேய்த்தான், கிளம்பினான். கல்லூரி ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவள் காத்திருந்தாள். அவன் காலரைச் சரி செய்துவிட்டு, கட்டடத்தின் வாசல் வரைக்கும் கூட வந்தாள்.

உள்ளே மூன்று பேர். சலவை ஆலையைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கெல்லாம் தங்குதடையின்றிச் சொன்னான். நடுவில் இருந்த அம்மையார் தாளைப் புரட்டிவிட்டு, “உங்க மனைவி இங்கதான் படிக்கிறாங்க போல. அதனாலதான் இந்தக் கல்லூரியா?” என்றார்.

“மொதல்ல அதனாலதாங்க.”

“இப்போ?”

“அவங்க அடுத்த வருஷம் இங்க இருக்க மாட்டாங்க. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.”

“அப்போ எதுக்கு?”

இந்தக் கேள்விக்கு நான்கு விடைகள் இல்லை. அவன் கைகளைப் பார்த்தான். “ஆலையில யாரும் என்னை எதுவும் கேக்கறதில்லைங்க. நான் சொல்வேன், அவங்க செய்வாங்க. வீட்டுலயும் கொஞ்ச நாளா அப்படித்தான், கேக்க ஆள் இல்ல. என்னை உக்கார வச்சுக் கேள்வி கேக்கற எடத்துல இருந்து பாக்கணும்னு தோணுது. வேற காரணம் எதுவும் யோசிச்சுக்கிட்டு வரல.”

அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். வெளியே வந்தபோது, “என்ன கேட்டாங்க?” என்றாள் அவள். “ஆலையைப் பத்தி” என்றான். இருவரும் ஒரு கடையில் நின்று சூடாக ஏதோ குடித்தார்கள். அவள் அவன் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாள். அப்புறம் அவளுக்கு வகுப்பு இருந்தது.

இடம் கிடைத்துவிட்டது. அவன் வீட்டைக் காலி செய்தான். இரண்டு பேர் சாமானை எங்கே வைப்பது என்று தெரியாமல், பாதியை அவள் தங்கை வீட்டில் கொண்டுபோய் அடுக்கினான். கல்லூரி திறப்பதற்கு முன்பே அவள் விமானம் ஏறிவிட்டாள். இறங்கியதும் ஒரு படம் அனுப்பினாள்: சாம்பல் நிற வானம், ஒரு படுக்கை, ஒரு ஜன்னல்.

அவன் பெட்டியோடு கல்லூரி வாசலுக்கு வந்தபோது காவலாளி எழுந்து சல்யூட் அடித்தார். “புது வாத்தியாரா சார்? ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் அந்தப் பக்கம்.”

“இல்லண்ணே. படிக்க வந்திருக்கேன்.”

காவலாளி அவன் தலையில் இருந்த நரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, சிரிக்காமல் சாவியைத் தேடிக் கொடுத்தார். “குடும்பம்?”

“வெளிநாட்டுல.”

அறை சின்னது. பெட்டியைப் பிரித்து அடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனான். எங்கும் இளசுகள், கும்பல் கும்பலாக. தட்டை எடுத்துக்கொண்டு ஓரத்தில் காலியாக இருந்த நீள மேசையில் உட்கார்ந்தான். பாதி சாப்பிட்டிருப்பான். நான்கைந்து பேர் தட்டுகளோடு வந்து நின்றார்கள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், இங்க யாராவது வர்றாங்களா?”

எதிரே இருந்த நாற்காலிகளை அவன் பார்த்தான்.

“இல்லம்மா. யாரும் வரல. உக்காருங்க.”

நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாளைய முதல் வகுப்பைப் பற்றி ஆளுக்கு ஆள் குறுக்கே விழுந்து பேசினார்கள். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் தட்டு காலியாகிவிட்டது. கை காய்ந்தது. ஆனாலும், அவர்கள் சாப்பிட்டு முடித்து எழும் வரைக்கும் அவன் எழுந்திருக்கவில்லை.