மூன்றாவது பத்தி

"நீயே எழுதிட்டு வந்துரு, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார் மேலதிகாரி, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. அந்த மண் பரிசோதனைக் கூடத்தில் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போகிற எல்லோருக்கும் அவர் சொல்கிற பதில் அதுதான். உன்னைப் பற்றி உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்பது அவர் கட்சி. அரசாங்கச் செலவில் வெளிநாட்டில் இரண்டு வருட மேற்படிப்பு. மண் துறைக்கு நாடு முழுவதற்கும் ஒரே ஓர் இடம். அந்த ஓர் இடத்துக்கு இந்தக் கூடத்திலிருந்து மட்டும் இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவன் சோடாபுட்டி, கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர், கோபித்துப் பார்த்தும் போகவில்லை. இன்னொருத்தி, எதிர் மேசையில் எட்டு வருடமாக மண் சலித்துக்கொண்டிருக்கும் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனாலும் கூடத்தில் எல்லோருக்கும் அக்கா. இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. அவனுக்கோ இன்னும் நான்கு வருடம் இருந்தது.

தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவது ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இரண்டு வரி எழுதியதும் கூச்சம் போய்விட்டது. கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர் என்று கை தானாக ஓடியது. நேரம் தவறாதவர் என்பது பச்சைப் பொய். ஆனால் அதை எழுதாத சிபாரிசுக் கடிதம் உலகத்தில் உண்டா? மூன்றாவது பத்தியில்தான் வண்டி நின்றது. 'விண்ணப்பதாரரின் நேர்மையைக் காட்டும் சம்பவம் ஒன்றைக் குறிப்பிடவும்' என்று கேட்டிருந்தார்கள். ஐந்து வருட வேலையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். நேர்மையைக் காட்டுகிற மாதிரி ஒரு சந்தர்ப்பம் தனக்கு வாய்க்கவேயில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தான். சந்தர்ப்பம் வாய்த்திருந்தது. வாய்த்தபோது அவன் என்ன செய்தான் என்பதுதான் சங்கடம்.

போன வருடம் ஒருநாள் அக்கா, மண்ணே போடாமல் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. பூஜ்யம் காட்ட வேண்டிய கருவி உப்பு காட்டியது. மண்ணைக் கரைக்கும் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற வடிகலன் கெட்டிருந்தது, இரண்டு மாதமாக அனுப்பிய முடிவுகள் அத்தனையும் தப்பு. மண்ணில் உப்பு அதிகம் என்று நம்பி எத்தனை பேர் நிலத்துக்கு உரம் போடாமல் விட்டார்களோ. "விடுங்கக்கா, வடிகலனை மாத்திடுவோம். பழசை யாரு பார்க்கப் போறா?" என்று அன்றைக்குச் சொன்னவன் சோடாபுட்டி. அக்கா கைகழுவித் துடைத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனாள். முந்நூற்றுச் சொச்சம் மண்ணையும் மறுபடி சோதித்தார்கள். அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனதில் அவன் அவளோடு சரியாக முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை.

அந்தச் சம்பவத்தைத்தான் மூன்றாவது பத்தியில் எழுதினான். முதலில் யார் பெயரும் இல்லாமல் எழுதிப் பார்த்தான், அனாதையாக நின்றது. பிறகு 'இவர்' என்று போட்டான். போட்டதும் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. கை கூசவில்லை என்பதை நினைக்க நினைக்கப் பின்னால் உடம்பு கூசியது.

மேலதிகாரி வழக்கத்துக்கு மாறாகக் கடிதத்தைப் படித்தார். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது.

"இந்தத் தண்ணி விஷயம், அந்தப் பொண்ணுல்ல வந்து சொல்லிச்சு?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தது சார்."

முழுப் பொய்யைவிட அரைப் பொய் வாயிலிருந்து சுலபமாக வருகிறது. அவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அக்கா தன் கடிதத்தை அவன் மேசையில் வைத்தாள். "பிழை இருக்கான்னு பாரு தம்பி. நம்மள பத்தி நாமளே என்னத்த எழுத? வெக்கமா இருக்கு." மூன்றாவது பத்தியில், கடும் மழையிலும் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தவர் என்று ஒரே வரி எழுதியிருந்தாள். அவன் வாய்வரை வந்தது. தண்ணி விஷயத்தை எழுதுங்கக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இரண்டு கடிதமும் ஒரே மேசைக்குத்தான் போகும். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, "நல்லாருக்குக்கா" என்று திருப்பிக் கொடுத்தான். அவளுக்குச் சந்தோஷம். அன்று மதியம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவனால் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னதற்கு, மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு பேருக்குமே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒரே நாள், அடுத்தடுத்த நேரம். ஒரே பேருந்தில் போனார்கள். வழியெல்லாம் அக்கா தன் மகளைப் பற்றிப் பேசினாள். இரண்டு வருடம் அப்பாவோடு இருந்துகொள்வேன், நீ போய்ப் படி என்று அந்த ஒன்பது வயதுப் பெண் சொல்லிவிட்டதாம். "எனக்கில்லாட்டி உனக்குக் கெடைக்கணும்டா. வெளியாளுக்குப் போச்சுன்னாதான் வயித்தெரிச்சல்" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

முதலில் அவனை அழைத்தார்கள். மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் மூன்றாவது பத்தியின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு, "மண்ணே போடாம சோதிக்கணும்னு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார்.

"சந்தேகம் வந்தா முதல்ல நம்ம கையைத்தான் சந்தேகப்படணும் மேடம்" என்றான். அது அன்றைக்கு அக்கா சொன்ன வார்த்தை, எழுத்துக்கு எழுத்து. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தத் தலையசைப்பைத் தாங்க முடியவில்லை. நன்றி சொல்லி எழுந்தான்.

வெளியே பெஞ்சில் அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"பொதுவாத்தான் கேட்டாங்க."

"நான் ஒண்ணு யோசிச்சேன். கடிதத்துல அந்தத் தண்ணி விஷயத்தை எழுதாம விட்டுட்டேன்ல, நேர்ல சொல்லலாமா? பெருமையடிக்கிற மாதிரி இருக்குமோ?"

இப்போது சொல்லியிருக்கலாம். இல்லை, சொல்லாதீங்கக்கா என்று தடுத்தாவது இருக்கலாம். அது அயோக்கியத்தனம்தான், ஆனாலும் உள்ளே போய் அவள் பொய்க்காரி ஆகாமல் தப்பித்திருப்பாள். அவன் இரண்டையும் செய்யவில்லை. "உங்க இஷ்டம்க்கா" என்றான்.

"சொல்லிடறேன். உண்மைதானே. நம்பலன்னா நீதான் சாட்சி" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

கதவின் மேல்பாதி கண்ணாடி. பேச்சு கேட்கவில்லை. அவள் கைகளை அசைத்து அசைத்து எதையோ விளக்குவது தெரிந்தது. நடுவில் இருந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். பக்கத்திலிருந்த அடுக்கின் மேலிருந்து ஒரு கோப்பை எடுத்து அவளுடைய கோப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். ஏதோ கேட்டார். அக்காவின் கைகள் அப்படியே நின்றன. பிறகு அவள் உற்சாகமாகத் திரும்பிக் கதவைச் சுட்டிக் காட்டினாள். மூன்று பேரும் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார்கள்.

எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் கடைநிலை ஊழியர் கதவைத் திறந்து, "சார், உங்கள ஒரு நிமிஷம் உள்ள வரச் சொல்றாங்க" என்று பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அக்கா சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, கைக்குட்டையால் அதன் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.