வளையலுக்குப் பதில்

நிச்சயத்துக்குப் பெண்ணுக்குப் போடும் ஷப்காவில் என்ன நகை வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது யூஸ்ரா தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். மோதிரம் போதும். வளையலுக்குப் பதில் ஒரு ஹெட்போன்.

மாப்பிள்ளை ஹாத்தெம் சிரித்துவிட்டான். அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் அம்மா இன்ஷிராஹ் சிரிக்கவில்லை.

“நிச்சயத்துக்கு வர்றவங்க பொண்ணோட கையப் பாப்பாங்களா, காதப் பாப்பாங்களா? தட்டுல வெல்வெட் விரிச்சு, நடுவுல காதுமூடிய வச்சு நான் ஊருக்குக் காட்டணுமா?”

“அம்மா, அவ வேலையே அதுதானே.”

“வேலை செய்யற இடத்துல குடுத்திருப்பாங்கல்ல?”

“குடுத்திருக்காங்க அத்தை,” என்றாள் யூஸ்ரா. “மத்தியானத்துக்கு மேல தலை வலிக்குது.”

அவள் இயற்பியல் படித்தவள். வெளிநாட்டுத் தொடர்களுக்கு அரபுக் குரல் கொடுக்கும் ஒலிக்கூடத்தில், தாழ்ப்பாள் போட்ட சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவே விழும் இரைச்சலையெல்லாம் எடுத்துவிடுவது அவள் வேலை. இதையெல்லாம் விளக்கிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இன்ஷிராஹ் ஒரு நிபந்தனை போட்டாள். “சரி. நானும் கடைக்கு வர்றேன். ஒரு ஹெட்போனுக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என் காதுக்குத் தெரிஞ்சா ஹெட்போன். தெரியலைன்னா அங்கேருந்து நேரா நகைக்கடை. அப்புறம் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.”

அந்தச் சனிக்கிழமை மூவரும் ஹெலியோபொலிஸ் பகுதியில் முசியூ வர்த்தானின் ஒலிக்கருவிக் கடைக்குப் போனார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறியதற்கும் சேர்த்து இன்ஷிராஹ் யூஸ்ராவை ஒரு பார்வை பார்த்தாள்.

கேட்டுப் பார்க்கும் அறையில் இரண்டு ஹெட்போன்கள் தயாராக இருந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று சாம்பல். ஒரே நிறுவனம் செய்தவை. நிறத்தை விட்டால் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

போன வாரம் வர்த்தான் இரண்டையும் ஒன்றுக்கு ஒரு நாளாக அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு பாடகியின் பழைய மேடைக் கச்சேரி ஒலிப்பதிவை இரண்டிலும் கேட்டாள். பழுப்பு காதை இறுக்கிப் பிடித்தது. ஊது என்ற தந்தி வாத்தியத்தின் கீழ்த்தந்தி நெஞ்சு வரை இறங்கியது. சாம்பல் தலையில் இருப்பதே தெரியவில்லை. ஒவ்வொரு வாத்தியமும் தன் நாற்காலியில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்றும் கேட்டது. ரசிகர் கூட்டத்தில் யாரோ தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான். பழுப்பில் அவன் இல்லை. யூஸ்ரா அப்போதே சாம்பல் என்று முடிவு செய்துவிட்டாள்.

விதைக்காரனைப் பற்றி அவள் இன்ஷிராஹிடம் சொல்லவில்லை. சொன்னால் அது சோதனை ஆகாது.

வர்த்தான் காபி கொண்டுவந்து வைத்தார். அதே கச்சேரியை ஓடவிட்டார். இன்ஷிராஹ் பழுப்பைப் போட்டுக் கேட்டாள். சாம்பலைப் போட்டுக் கேட்டாள். மறுபடியும் பழுப்பு. மறுபடியும் சாம்பல்.

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள்.

“இன்னொரு தடவ கேளும்மா,” என்றான் ஹாத்தெம்.

“பத்துத் தடவ கேட்டாலும் ஒண்ணுதான்டா. ஏதோ சமையல்கட்டுல ரேடியோ ஓடுற மாதிரி இருக்கு. கிளம்புங்க.”

யூஸ்ரா சாம்பலை எடுத்துத் தன் காதில் வைத்தாள். விதைக்காரன் இல்லை. பின்னுக்கு ஓட்டிக் கேட்டாள். இல்லை. பழுப்பை வைத்தாள். ஊதை எங்கேயோ அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது.

வேண்டும் என்ற ஆசையில், இல்லாத வித்தியாசத்தைக் கேட்டேனோ? வளையல் கிடக்கட்டும். தன் மனசே தனக்குத் தெரியாத பெண் என்ற பெயரோடு அந்த வீட்டுக்குள் போகவேண்டுமே.

ஹெட்போனைக் கழற்றும்போது காதோரம் முக்காட்டு ஊசி விரலில் குத்தியது.

கை அப்படியே நின்றது. வீட்டில் வெறுந்தலையோடு கேட்டாள். வேலையிலும் தாழ்ப்பாள் போட்ட அறையில் வெறுந்தலைதான். இன்றுதான் முதல் முறையாகத் துணிக்கு மேலே கேட்கிறாள். உள்குல்லா ஒன்று, அதற்கு மேல் முக்காடு இரண்டு சுற்று. கீழ் ஒலியெல்லாம் இடுக்கு வழியாக வெளியே போகிறது. மேல் ஒலியைத் துணி தின்றுவிடுகிறது. மிஞ்சுவது இரண்டிலும் ஒன்றுதான்.

புரிந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமே. திருமண ஒப்பந்தம் எழுத இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை ஹாத்தெம் அவள் தலைமுடியைப் பார்க்கக் கூடாது, பார்த்ததும் இல்லை. அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

இன்ஷிராஹின் அருகில் போய் முணுமுணுத்தாள்.

“என்ன? வாயத் தொறந்து சொல்லும்மா.”

“முக்காட்டு வழியா கேக்காது அத்தை. எனக்கே கேக்கல. நாம ரெண்டு பேரும் கழட்டிட்டுத்தான் கேக்கணும்.”

சொன்னது அவளுக்கே பெரிய சத்தமாகப் பட்டது. ஹாத்தெம் உடனே சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தான்.

வர்த்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். பாதிப் பேரு பொம்பளைங்கதான் வர்றாங்க. எனக்கு இது தோணவே இல்லியே!”

“கேமரா இருக்கா இங்க?” என்றாள் இன்ஷிராஹ்.

“இந்த அறையில இல்ல மதாம்.”

“அப்ப ரெண்டு பேரும் வெளிய போங்க. டேய், அந்தக் கண்ணாடிக் கதவுல உன் கோட்டத் தொங்கவிடு. வெளிப்பக்கம் திரும்பி நில்லு.”

கதவு மூடிக்கொண்டது. யூஸ்ரா முதலில் கழற்றினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பின்னல் அவிழ்ந்து இறங்கியது. இன்ஷிராஹ் அதைப் பார்த்துக்கொண்டே தன் முக்காட்டையும் எடுத்தாள். மருதாணிச் சிவப்புக்கு அடியில் நரை ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது.

பழுப்பை மாட்டியதும் இன்ஷிராஹ் “ஆ!” என்றாள். காதுத் தொங்கட்டான் நசுங்கியது. இரண்டையும் கழற்றிக் காபிக் கோப்பையின் தட்டில் போட்டாள். “தங்கத்தக் கழட்டி வச்சாத்தான் காது கேக்கும்போல.”

கச்சேரி ஓடியது. இன்ஷிராஹ் கண்ணை மூடினாள். தலை மெல்ல ஆடியது. “அட,” என்றாள்.

யூஸ்ரா சாம்பலை நீட்டினாள். மாட்டிக்கொண்ட இன்ஷிராஹின் புருவம் சுருங்கியது. பிறகு ஒரே கத்தல்.

“யாருடி அவன்! கச்சேரியில உக்காந்து விதை கொறிக்கிறவன்!”

கதவுக்கு வெளியே வர்த்தான் சிரிப்பது கேட்டது. யூஸ்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்ஷிராஹ் பழுப்பை வாங்கி அதே இடத்தைக் கேட்டாள். “இதுல ஆளக் காணோம்!” மறுபடியும் சாம்பல். “இதோ இருக்கான், கடன்காரன்!”

பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே யூஸ்ராவின் பக்கம் குனிந்தாள். ரகசியம் சொல்வதாகத்தான் நினைத்தாள்.

“இடுப்பு வரைக்கும் முடி வச்சிருக்கியேடி! என் கழுதைக்கு இது தெரியாது. ரெண்டு மாசம் காத்துக் கெடக்கட்டும்!”

“அம்மா,” என்றது கதவு. “எனக்கு எல்லாம் கேக்குது.”

யூஸ்ரா இரண்டு கைகளாலும் மெல்ல, மெல்ல என்று சைகை காட்டினாள்.

“நான் மெல்லத்தானே சொல்றேன்!” என்று இன்ஷிராஹ் அலறினாள். அவள் கை பழுப்பைத் தட்டியது. “ஆனா இதுதான் நல்லது. இறுக்குது, இறுக்கட்டும். பாடறவ என் மடியில உக்காந்து பாடறா. அதுல அந்த விதைக்காரன் குறுக்க வந்துடறான். இத வாங்கு.”

யூஸ்ரா பதில் சொல்லத் தரையைப் பார்க்கவில்லை. இன்ஷிராஹின் காதிலிருந்த ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எனக்கு விதைக்காரன்தான் வேணும் அத்தை. அவனக் கண்டுபிடிச்சு வெளிய அனுப்பறதுதான் என் வேலை. அதுக்கு நாள் முழுக்க இது தலையில இருக்கணும். வலிக்கக் கூடாது.”

இன்ஷிராஹ் அவளை உற்றுப் பார்த்தாள். தட்டில் கிடந்த தொங்கட்டானைப் பார்த்தாள்.

“எடுத்துக்கோ,” என்றாள். “வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது கொண்டு வா. அவன் இன்னும் என்னென்ன தின்னான்னு நானும் கேக்கணும்.”

அப்புறம் உள்ளங்கையை வாயருகே வைத்துக் குலவையிட்டாள். காதை ஹெட்போன் மறுபடியும் மூடியிருந்ததால் தன் குலவை தனக்கே கேட்கவில்லை. அதனால் அது நீண்டுகொண்டே போனது. வெளியே ஏதோ கோப்பை உடைந்தது. கீழ்மாடிப் பல் மருத்துவரிடம் காத்திருந்த யாரோ ஒருத்தி, என்ன விசேஷம் என்று தெரியாமலே பதில் குலவை இட்டாள்.

அந்த அறைக்குள் இரண்டு குலவைகளும் யூஸ்ராவுக்கு மட்டும்தான் கேட்டன.