ஏழாவது வண்டி, கேட்குதா?

வண்டி வாங்கியதிலிருந்து அது பார்த்த கரடுமுரடெல்லாம் ஆஸ்பத்திரி வாசல் வேகத்தடை ஒன்றுதான். மலை ஏறும், ஆற்றில் இறங்கும், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கணவன் அதில் ஏறி ஆபீசுக்குப் போய், அடித்தளத்தில் நிறுத்திவிட்டு, லிஃப்டில் மேலே போவான். வேலையும் லிஃப்ட் கம்பெனியில்தான். பராமரிப்பு ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் பிரிவு. மேலே, கீழே என்ற இரண்டே திசைகளில் பாதி ஆயுளை ஓட்டிவிட்ட மனிதனுக்கு ஒரு நாளாவது குறுக்கே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியதில் தப்பொன்றும் இல்லை.

அப்படித்தான் ‘கரடுபாதைப் பேரவை’யில் சேர்ந்தான். சேர்ந்தவுடன் பாக்கெட்டுகள் நிறைந்த ஒரு கால்சட்டை வாங்கினான். எந்தப் பாக்கெட்டில் எதை வைப்பது என்று தெரியாததால் எல்லாவற்றிலும் கைக்குட்டை வைத்திருந்தான்.

மனைவிக்கு வண்டியில் அக்கறை கிடையாது. அவள் வேலை செய்வது காது பரிசோதனை மையத்தில். ஒலி புகாத கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். பகலெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிறது, கேட்கிறது என்று அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தால் ‘ம்’. சாப்பிடுறீங்களா? ம். கதவைப் பூட்டியாச்சா? ம். சண்டை எதுவும் இல்லை. சண்டை போடவும் ஆளுக்கு இரண்டு வாக்கியம் வேண்டுமே.

அவளுடைய மையம் வேறோர் ஊரில் கிளை திறக்கிறது. அதற்கு அவளையே பொறுப்பாளராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி முழுக்க ரயிலில் போனால்தான் அந்த ஊர் வரும். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கணவனிடம் இன்னும் சொல்லவில்லை. போகாதே என்று அவன் சொன்னால் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். அதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னால் அதற்கும் ‘ம்’ வந்துவிடுமோ என்றுதான் பயம். இரண்டு நாள் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது சொல்லலாம். முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசும்போது ஆண்களுக்குக் கொஞ்சம் வாய் திறக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதனால்தான் அவளும் கிளம்பி வந்தாள்.

பேரவை கூடிய இடம் கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி. பெருஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடிப்பது அங்கே தெளிவாகக் கேட்டது. தலைவர் ஒரு பாறைமேல் ஏறி நின்று, “இந்த வனாந்தரத்தில் நமக்கு நாமே துணை” என்று ஆரம்பித்தார். தொழிலில் அவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாத நிலையிலேயே பேசிப் பழகியவர். இயற்கையோடு ஒன்றுவது பற்றி அவர் பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிறகு எல்லோரும் குனிந்து அவரவர் டயரில் காற்றைக் குறைத்தார்கள். காற்று குறைந்தால்தான் மண்ணில் பிடிப்பு கிடைக்குமாம். அந்த இரண்டு நாளில் பேரவையில் காற்று இறங்கியது டயர்களில் மட்டும்தான்.

“புதுசா வர்ற ஜோடிங்க முதல் தடவை ஒரே வண்டியில போகக் கூடாது. அது நம்ம பேரவை விதி,” என்றார் தலைவர். முன்பு ஒரு ஜோடி பாறைச் சரிவின் நடுவில் கியரைப் பற்றி ஆரம்பித்த பேச்சை மாமியாரில் கொண்டுபோய் முடித்தார்களாம். அதுவரை பின்னால் அத்தனை வண்டியும் நின்றதாம். “சார் ஏழாவது வண்டி. அவர்கூட நம்ம கரடி வருவார். மேடம், நீங்க கடைசி வண்டி.”

“நாங்க சண்டையே போட மாட்டோம் சார்,” என்றாள் அவள்.

“எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்வாங்க.”

“நிஜமாத்தான் சார். நாங்க பேசிக்கவே மாட்டோம்.”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பக்கத்து சீட்டைக் கரடிக்காகப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். கரடி என்பவர் ஒல்லியான ஒரு ஆடிட்டர். பேரவையில் எல்லோருக்கும் இப்படி ஒரு மிருகப் பெயர் உண்டு. பொருத்தம் பார்த்து வைப்பதில்லை.

கடைசி வண்டியை ஓட்டியது தலைவரின் மனைவி. மற்றவர்கள் போன பிறகு, விட்டுப்போனவர்களையும் மாட்டிக்கொண்டவர்களையும் பொறுக்கிக்கொண்டு வருவது அவர் வேலை.

“நீதான் ஏழோட வீட்டுக்காரியா? ஏறும்மா. அந்தக் கயித்தைத் தூக்கிப் பின்னாடி போடு.”

“ரொம்ப வருஷமா வர்றீங்களாக்கா?”

“இவர் கிளப் ஆரம்பிச்சதிலேர்ந்து. இவர் முதல் வண்டி, நான் கடைசி வண்டி. நடுவுல அத்தனை வண்டி இருக்கு பாரு, அதான் குடும்பம் ஓடுது.” வாக்கி-டாக்கியை எடுத்து அவள் மடியில் போட்டார். “கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு நல்லா இருக்காங்களான்னு கேளு. எனக்கு அலுத்துப்போச்சு. இவங்க நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.”

அவள் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஏழு வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஏழாவது வண்டி, கேட்குதா? ஓவர்.”

“கடைசி வண்டிக்கு வணக்கம்! ஏழு பேசுறேன். அருமையா கேட்குது. இப்பதான் அந்தப் பாறை இறங்கினோம். வயிறு தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. நம்ம கரடி சார் கண்ணை மூடிட்டாரு. கேட்டா தியானமாம். ஓவர்!”

அலைவரிசை முழுக்கச் சிரிப்பு. அவள் வாக்கி-டாக்கியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அவன் குரல்தான். பிறர் காதுகளை அளப்பதே தொழிலாக இருப்பவளுக்குக் குரல் மாறிப்போகுமா? ஆனால் இந்த ஏற்ற இறக்கம், இந்தத் துள்ளல், இதெல்லாம் இத்தனை நாள் எந்தக் கூண்டுக்குள் இருந்தது?

“உன் வீட்டுக்காரர் நல்ல கலகலப்பான ஆளுதான்,” என்றார் தலைவரின் மனைவி.

“ஆமாக்கா,” என்றாள் அவள். “எனக்கும் இப்பதான் தெரியும்.”

அதற்குப் பிறகு ஏழாவது வண்டியின் நலத்தில் பேரவைக்கு இதுவரை இல்லாத அக்கறை பிறந்தது. ஏழு, டயர் எப்படி இருக்கு? ஏழு, வெயில் அதிகமா? ஏழு, தண்ணி குடிச்சீங்களா? எல்லாவற்றுக்கும் விரிவாக, மரியாதையாக, நகைச்சுவையோடு பதில் வந்தது. கூப்பிடுவது மனைவி என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அலைவரிசையில் அவள் கடைசி வண்டி. கடைசி வண்டிக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி.

“எட்டாவது வண்டியை நீ கூப்பிடவே இல்லையே?”

“அவங்க நல்லாதான்க்கா இருப்பாங்க.”

“அதோ பள்ளத்துல ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது பாரு, அதுதான் எட்டு.”

சாயங்காலம் கூடாரங்களுக்கு நடுவே மடக்கு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அவள் தன் நாற்காலியை இழுத்துக் கணவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவன் புருவத்தில் புழுதி படிந்திருந்தது. துடைக்கலாமா என்று நினைத்து, துடைக்கவில்லை.

“இன்னைக்கு நல்லா பேசினீங்க.”

“ம்.”

“தியானம்னு சொன்னீங்களே, அந்த அக்கா வண்டியை நிறுத்திட்டுச் சிரிச்சாங்க.”

“ம்.”

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நாளைக்குச் சேறாம்,” என்றான் அவன். “சீக்கிரம் தூங்கணும்.” அதற்குள் கரடி தட்டில் ரொட்டியோடு வந்து அந்தப் பக்கம் உட்கார, தூங்க வேண்டியவன் லோ கியரைப் பற்றி அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள்.

மறுநாள் குவாரியின் அடியில் தேங்கிய சேற்றுக் குட்டையின் முன்னால் வண்டிகள் வரிசை கட்டின. தலைவர் மீண்டும் ஒரு பாறையைக் கண்டுபிடித்து ஏறினார். “சேத்துல இறங்கிட்டா மிதிச்ச காலை எடுக்கக் கூடாது. என்ன நடந்தாலும் சரி, வேகம் குறையக் கூடாது. யோசிச்சவன் மாட்டுவான்!” பேரவையின் வரலாற்றிலேயே மனப்பூர்வமாகப் பின்பற்றப்பட்ட அறிவுரை அதுதான்; அங்கே யாரும் யோசிப்பதில்லை.

வரிசைக் கடைசியிலிருந்து அவள் கூப்பிட்டாள். “ஏழாவது வண்டி, கேட்குதா? ஓவர்.”

“தெளிவா கேட்குது கடைசி வண்டி! சேத்துக்கு முன்னாடி நிக்கிறோம். அடுத்து நாங்கதான். சொல்லுங்க. ஓவர்.”

சொல்லுங்க. அவளிடம் அந்த வார்த்தையை அவன் கடைசியாக எப்போது சொன்னான்? கல்யாணத்துக்கு முன்பு, போனில். அவள் பொத்தானை அழுத்தினாள்.

“எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. புதுக் கிளை. பொறுப்பு எனக்குத்தான். நாளைக்குப் பதில் சொல்லணும். போகவா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். ஓவர்.”

தலைவரின் மனைவி எஞ்சினை அணைத்தார்.

“ரோஜர்,” என்று வந்தது. சொன்னது கேட்டது என்பதற்கு வாக்கி-டாக்கி பாஷை. பழக்க தோஷம். பிறகு கொஞ்சம் விட்டு, “ஏழு... ரோஜர். ஓவர்.”

அதற்குள் மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டார்கள். “வாழ்த்துகள் மேடம், மூணாவது வண்டி!” “எந்த ஊருன்னு கேளுங்கப்பா, அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்க.” “வீட்டு வாடகைப்படி தருவாங்களா மேடம்?”

“சேனலைக் காலி பண்ணுங்க!” தலைவரின் குரல் அலறியது. “குடும்ப விஷயமெல்லாம் கூடாரத்துல! ஏழு, இறங்குங்க!”

ஏழு இறங்கியது. சேறு இரண்டு பக்கமும் சிறகு போல எழும்பியது. பாதி தூரம் நன்றாகத்தான் போனது. திடீரென்று எஞ்சின் சத்தம் தணிந்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, கதவின் பாதி வரை சேற்றில் அமிழ்ந்து நின்றது.

“காலை எடுத்துட்டான்,” என்றார் தலைவரின் மனைவி.

அவள் இறங்கி வரிசையைத் தாண்டி ஓடினாள். காலை எடுத்திருக்கிறான். அப்படியானால் யோசித்திருக்கிறான். குட்டையின் ஓரத்தில் செருப்பு புதையும் வரை போய் நின்றாள். கண்ணாடியை இறக்கி அவனும் அவளைப் பார்த்தான்.

“ஏங்க...”

“ஷூ வழுக்கிடுச்சு,” என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“ஷூவெல்லாம் வழுக்கல,” என்றார் பக்கத்திலிருந்த கரடி. ஆடிட்டர் அல்லவா, தப்பான கணக்கை விட்டுவிட முடியவில்லை. “நாளைக்கான்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாரு. அப்புறம் காலை எடுத்துட்டாரு.”

கணவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். உதடு அசைந்ததை அவள் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் இழுவைக் கயிற்றோடு வந்து சேர்ந்தார். “எல்லாரும் தள்ளிப் போங்க! கயிறு அறுந்தா ஆளையே வெட்டிரும்! மேடம், உங்களைத்தான்! இன்னும் பின்னாடி, இன்னும்!” அவள் பின்வாங்கிக்கொண்டே போனாள். கணவனின் முகம் சிறுத்துச் சிறுத்து ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது.

வண்டி வெளியே வந்ததும் கைதட்டல். முதல் தடவை மாட்டியவருக்குக் கன்னத்தில் சேறு பூசிப் பட்டம் கொடுப்பது பேரவை வழக்கம். அவனுக்கு ‘ஆமை’ என்று பட்டம் கிடைத்தது. ஆமை ஏற்புரை நிகழ்த்தினான். தலைவருக்கு நன்றி, கரடிக்கு நன்றி, இழுத்த வண்டிக்கும் கயிற்றுக்கும் நன்றி. குரல் தழுதழுத்தது. நன்றி சொல்லப்படாத ஒரே ஆள் காலில் செருப்பில்லாமல் கூட்டத்தின் பின்னால் நின்றாள். செருப்பு குட்டைக்குள் இருந்தது.

திரும்பும்போது ஒரே வண்டி. வாக்கி-டாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெருஞ்சாலையில் அவன் பேசவில்லை; அவளும் அவசரப்படவில்லை. ஊர் நெருங்கும்போது தூறல் ஆரம்பித்தது. அவன் பதறிப்போய் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை ஒதுக்கினான்.

“என்னாச்சு?”

“சேறு கழுவிட்டுப் போயிடும். நாளைக்கு ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கணும்ல.”

கண்ணாடியெல்லாம் சேறு காய்ந்து, வெளியே எதுவும் தெரியவில்லை. அவன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, ரோட்டைப் பார்ப்பது போலச் சேற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: “எப்போ சேரணும்?”

போகணுமா என்று கேட்கவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள்.

“அடுத்த மாசம்.”

“வீடு பார்க்கணுமே. ஒரு ஆளுக்கு ஒத்த ரூம் போதும். சின்னதா ஒரு சமையல் மேடை இருந்தா சரி.” அவன் குரல் மெல்ல ஏறியது. “சாமானுக்கு லாரியெல்லாம் வேண்டாம். இந்த வண்டியிலயே ஏத்திடலாம். மேல கம்பித் தட்டு இருக்கு, அதுல கட்டில். பீரோவை மட்டும் கழட்டணும். கயிறு எப்படிக் கட்டணும்னு கரடி சார் சொல்லிக் கொடுத்தாரு, அசையவே அசையாது. நடுவுல ஒரு மலைப்பாதை வருதே, இந்த வண்டிக்கு அதெல்லாம் தூசு. நானே ஓட்டிட்டு வந்து விட்டுட்டுத் திரும்பிடறேன். நீ ஒண்ணும் கவலைப்படாத.”

அன்போடுதான் சொன்னான். அதில் பொய் ஒரு துளியும் இல்லை. வண்டிக்கு ஒரு வழியாக உண்மையான வேலை கிடைத்துவிட்ட சந்தோஷமும் அதில் இருந்தது. எந்தச் சாலையில் போவது, எங்கே நிறுத்திச் சாப்பிடுவது, மெத்தையைச் சுருட்டி எப்படி நுழைப்பது என்று அவன் சொல்லச் சொல்ல அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். நல்ல காது அவளுக்கு. அவள் எதிர்பார்த்தது அதற்குள் எங்கேயும் இல்லை.

போனை எடுத்து, மையத்தின் மேலாளருக்குச் சம்மதம் என்று அனுப்பினாள்.

“யாருக்கு?”

“ஆபீசுக்கு. வர்றேன்னு சொல்லிட்டேன்.”

“ம்,” என்றான். “மழை விட்டுடுச்சா பாரு.”

அவள் கண்ணாடியை விரல் அகலத்துக்கு இறக்கிப் பார்த்தாள். பாலத்துக்கு அப்பால் ரோடு பளபளவென்று இருந்தது. மழை எப்போதோ நின்றுவிட்டிருந்தது. குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் போனார்.

“இன்னும் தூறுது,” என்று கண்ணாடியை ஏற்றினாள். “பீரோவைக் கழட்டினா அந்த நடுத் தட்டை எங்க வைக்கிறது?”

“அதுவா,” என்று அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.