இரண்டு கையால் வாங்காத தட்டு

வேங்கடசாமி எவர் வீட்டுப் படியையும் தேவை என்று ஏறியவர் அல்லர். சூலூர்ப் பக்கம் தோட்டம், விசைத்தறிக் கொட்டகை, சுற்றுவட்டாரத்தில் பேச்சுக்கு ஒரு மதிப்பு. அப்படிப்பட்டவர் அந்த ஆண்டு ஆடி மாதத்தில், தெரிந்த டாக்டர்களையெல்லாம் தாண்டி, கோவை உக்கடத்தில் ஜபருல்லா டாக்டரின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உறவுக்காரர்கள் யாரும் அந்தத் தெருவுக்கு வரமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

டாக்டர் விரல் கணுக்களை அழுத்திப் பார்த்தார்.

"காலையில விரல் மடங்க நேரமாகுதுங்களா?"

"வெயில் ஏறணுங்க."

"ரெண்டு கையிலயும் ஒரே மாதிரிங்களா?"

"ஆமாங்க."

"வயசாகித் தேயற மூட்டா இருந்தா எந்திரிச்சுக் கொஞ்ச நேரத்துல இறுக்கம் விட்டுப்போகுங்க. இது அப்படியில்லை. மூட்டு உள்ளுக்குள்ள வீங்கித் தன்னையே அரிக்கற நோவு. இப்பவே மாத்திரை ஆரம்பிச்சாக் கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். விட்டுட்டா விரல் கோணிப்போகும், அப்புறம் நிமிராதுங்க. காலையில வெதுவெதுப்பான தண்ணியில கைய வெச்சு மெல்ல மடக்கி விரிங்க." எழுதிக்கொண்டே கேட்டார்: "ஊட்டுல வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா?"

அந்தக் கேள்விதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "எங்க வம்சத்துல அந்த மாதிரி எதுவும் கிடையாதுங்க" என்று எழுந்துவிட்டார். மருந்துச் சீட்டு சட்டைப் பையிலேயே கசங்கிப் போனது. சூலூர்க் கடையில் அதை நீட்டினால் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மகள் கோகிலாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். நோவுக்கார வீடு என்று ஒரு வாய் சொன்னால் போதும், பெண் வீட்டோடுதான்.

டாக்டர் சொன்னதில் வெந்நீரை மட்டும் எடுத்துக்கொண்டார். அதுவும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. மனைவி சாந்தாமணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

தை பிறந்ததும் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் வேலுமணியின் மகனுக்குப் பேசி முடிந்தது. வேலுமணியின் தகப்பனார் ஒரு காலத்தில் வேங்கடசாமி வீட்டுத் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு அளக்கும் வாரத்துக்கு உழுதவர். இப்போது வசதியில் அவர்கள் ஒரு படி மேல். அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. யாரும் மறந்துவிடவும் இல்லை.

உறுதி செய்ய விடியற்காலை நேரம் குறித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தரும் வெற்றிலைபாக்குத் தட்டைப் பெண்ணின் அப்பா சபையில் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கினால் கொடுத்த வார்த்தை உறுதி. விடியலில் தன் கை எப்படியிருக்கும் என்று வேங்கடசாமிக்குத் தெரியாதா? நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே.

அன்றைக்கு அவர்களுடைய வேன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. அடுப்பில் வெந்நீர் இன்னும் காயவில்லை. வேங்கடசாமி கைகளைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டே "வாங்க, வாங்க" என்றார். கும்பிடவில்லை.

"சம்பந்திக்கு ரொம்பக் குளுருதுங்களாட்ட. கையவே வெளிய காணோம்" என்று வந்தவர்களில் ஒருவர் சொல்ல, கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

வேலுமணி தட்டோடு எழுந்து வந்தார். கனத்த பித்தளைத் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, மேலே பூ. வேங்கடசாமி துண்டுக்குள் விரல்களை விரிக்கப் பார்த்தார். நெருப்பைத் தொட்டாற்போல் வலித்ததே ஒழிய விரியவில்லை. வாங்கினால் தட்டு விழும். உறுதித் தட்டு சபையில் விழுந்த பெண்ணை அப்புறம் எவன் கட்டுவான்?

"அப்படியே கீழ வெச்சுருங்க" என்றார்.

வேலுமணியின் கை தாழவில்லை. "கீழங்களா?"

"ஆமாங்க. வெச்சுப்போட்டு உக்காருங்க."

"எங்கப்பன் வெள்ளாமைல உங்க பங்கக் கொண்டாந்தப்பவும் உங்க அய்யன் இதேதானுங்க சொல்லுவாராமா. கீழ வெச்சுப்போட்டுப் போடான்னு." வேலுமணி குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் காலமெல்லாம் போயிருச்சுன்னு நெனச்சு வந்துட்டனுங்க."

"ஏனுங்க, அவருக்குக் கை..." என்று சாந்தாமணி முன்னால் வந்தாள். வேங்கடசாமி பார்த்த பார்வையில் அப்படியே பின்வாங்கினாள். திமிர்பிடித்தவன் என்று பேர் வாங்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அது புதிதல்ல. நோவுக்காரன் என்று வாங்கக் கூடாது.

வேன் தட்டோடு திரும்பிப் போயிற்று.

வாசலில் வெயில் விழத் தொடங்கியபோது கோகிலா காப்பி கொண்டுவந்தாள். பட்டுச்சேலையை இன்னும் மாற்றவில்லை. டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்து ஏந்தியிருந்தாள். இத்தனை மாதமாக அதை அடக்கம் என்று எண்ணிப் பெருமைப்பட்டிருந்தார். தானும் அப்படித்தான் டம்ளரைப் பிடிக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

"கையக் காட்டு அம்மணி."

டம்ளரை வைத்துவிட்டு நீட்டினாள். இரண்டு கையிலும் கணுக்கள் ஒரே மாதிரி புடைத்திருந்தன. சுண்டுவிரல்கள் ஏற்கெனவே வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

"எப்ப இருந்து?"

"ஆடிக்கு முன்னால இருந்துங்கப்பா."

"ஏஞ் சொல்லுல?"

"சொல்லலாம்னுதான் வந்தனுங்க. நீங்க கதவச் சாத்திட்டுத் தண்ணியில கைய வெச்சுட்டு இருந்தத சன்னல்ல பாத்தேன். வெளிய சொல்லக் கூடாத நோவாட்ட இருக்குதுன்னு விட்டுட்டனுங்க. நீங்க எந்திரிச்சுப் போனதுக்கப்புறம் அந்த மிச்சத் தண்ணியில நானும் வெச்சுக்குவேன்."

வேங்கடசாமி சொன்னார்: "கெளம்பு. உக்கடத்துல ஒரு டாக்டர் இருக்காரு."

"இப்பவேங்களா?" கோகிலா தெருவை எட்டிப் பார்த்தாள். "நல்லா விடிஞ்சுபோச்சுங்கப்பா. யாராச்சும் பாத்துப்போட்டா?"

வெயில் அவர் மடிமேல் ஏறியிருந்தது. துண்டுக்கு அடியில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமே விரியத் தொடங்கின.