மூன்று செத்த செயின்சா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பூஜைச் சாமான் கடையில், கற்பூரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் என்னிடம் இரண்டாம் முறை வரமாட்டார்கள். அப்படிப்பட்ட நான், ஒருநாள் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே கிள்ளான் வந்து சேர்ந்து கேட்டைத் திறந்தால், கார் போர்ச்சில் மூன்று செத்த செயின்சா வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் என் கணவர் வேலாயுதமும், அடுத்த வீட்டு கிளாரன்ஸும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இது, பொணத்தையெல்லாம் அடுக்கி வச்சிருக்கீங்க?"

"செயின்சா, கலா. மரம் அறுக்கிறது. ஒண்ணு டுரியான் தோட்டத்துல கெடந்துச்சு, சும்மாவே குடுத்துட்டான். மத்தது ரெண்டும் சாலாக் செலாத்தான்ல பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டது."

"மூணுலேர்ந்து ஒண்ணு செஞ்சிரலாம்க்கா," என்றார் கிளாரன்ஸ். "புதுசு வாங்குற காசுக்கு மோட்டர்சைக்கிளே வாங்கிரலாம் லா."

கிளாரன்ஸ் ரயில்வே பட்டறையில் இருந்தவர். மெதடிஸ்ட் சபையின் பாட்டுக் குழுவில் அடித்தொண்டைக் குரல் அவருடையதுதான். நான் எவ்வளவு திட்டினாலும் "ஆமாக்கா" என்பார். திட்டுகிறவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

விஷயம் இதுதான். என் கணவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மிஷின் பார்த்தவர். தொழிற்சாலை வெளிநாட்டுக்குப் போனது, இவர் வீட்டுக்கு வந்தார். ஒரு ஏஜென்ட், ஜோகூரில் கிடங்குக் காவலாளி வேலை இருப்பதாகச் சொல்லி ஓர் உறை கொடுத்திருந்தான். உள்ளே தடித்த அட்டை ஒன்று. அதில் கையெழுத்துப் போட்டு மாதக் கடைசித் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தால் வேலை உறுதி. வீட்டுக்கு மாதம் ஒரு முறைதான் வரமுடியும்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. இருபத்தாறு வருடமாக எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்துத் திட்டிக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவள் நான். தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்ததோ, "போனா போங்க, எனக்கென்ன வந்துச்சு" என்பதுதான். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமா?

ஜோகூருக்குப் போகாமல் இருக்க ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் தாமான் குடியிருப்பின் திடலோரத்தில் ஓர் அங்சானா மரம் புயல் மழையில் விழுந்து கிடந்தது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பரமேஸ்வரன் கறாரான மனிதர். அந்தத் திங்களுக்கு முந்தின நாள், மாதக் கடைசி ஞாயிறு, கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. அன்று காலையில் தொடங்கி மதியம் பன்னிரண்டுக்குள் அந்த மரத்தை அறுத்து முடித்தால், தாமானில் உள்ள எல்லா மரத்தையும் ஒரு வருடத்துக்குச் சங்கத்தின் கூலிக்கு இவர்களே வெட்டலாம். முடிக்கவில்லை என்றால் பந்திங்கிலிருந்து வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டார்.

ஆக, மூன்று பிணத்திலிருந்து ஓர் உயிர் வந்தாக வேண்டும். மூன்று வாரம் எங்கள் போர்ச்சில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஆரஞ்சு ரம்பத்தின் இன்ஜின், வெள்ளையின் கார்புரேட்டர், சிவப்பின் கைப்பிடியும் இழுகயிறும். போல்ட்டுகள் என் மைலோ டின்னில். கரி சுரண்டியது என் பல் துலக்கியால். அதை நான் கண்டுபிடித்தது மறுநாள் காலை, வாயில் வைத்த பிறகு. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட்டைக்கூடக் காசு கொடுத்து வாங்கவில்லை. என் கணவரே ஏதோ ஒரு தடித்த அட்டையை என் தையல் கத்தரிக்கோலால் நறுக்கி எண்ணெயில் ஊறவைத்தார். கத்தரிக்கோல் மழுங்கிப் போனதற்கு அவரை இரண்டு நாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டேன்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், பதினோராவது இழுப்பில் அது உயிர்பெற்றது. அடேயப்பா, என்ன சத்தம். தெருநாய்கள் ஓடின. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. என் கணவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். கிளாரன்ஸ் ஏதோ கீர்த்தனை பாடினார், வாய் அசைந்ததுதான் தெரிந்தது. நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக என்னைவிட உரத்த குரல் ஒன்று என் வீட்டில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. டேங்கிலிருந்த பெட்ரோல் தீரும்வரை ஓடியது. எங்கள் மூவருக்கும் அன்று தலைகால் புரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுவேனா? கடையிலிருந்து உயர்ந்த ரகச் சந்தனம் கொண்டு வந்திருந்தேன். காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். பொட்டு வைக்க எங்கே இடம் என்று பார்த்தேன். பெட்ரோல் டேங்க் மூடிதான் வட்டமாக, வழவழவென்று தோதாக இருந்தது. நட்ட நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். எலுமிச்சம்பழம் நறுக்கினேன். கற்பூரத்தை மட்டும் கேட்டுக்கு வெளியே காட்டச் சொன்னார் கிளாரன்ஸ். பெட்ரோல் ஆயிற்றே. மற்றபடி கைகட்டி மரியாதையாக நின்றார்.

அன்று சாயங்காலம் ரம்பம் நாலு நிமிடம் ஓடியது. பிறகு இருமி, முனகி, நின்றுவிட்டது.

"கண்ணு பட்டுருச்சு," என்றேன். "நேத்து ஊரே பாத்துச்சில்ல."

டேங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினார்கள். இழுத்தால் மறுபடி நாலு நிமிடம். அதோடு சரி. கார்புரேட்டரைக் கழற்றினார்கள், கழுவினார்கள், மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் நான் திருஷ்டிக்காகச் சந்தனத்தை முன்னைவிடக் கனமாக அப்பினேன். கிளாரன்ஸ் மிஷின் முழுவதையும் பளபளவென்று துடைப்பார், பொட்டைச் சுற்றி வளைத்துத் துடைப்பார். அது எங்கள் நம்பிக்கை, அவர் கை படக்கூடாதாம். என் கணவர் தொடமாட்டார். அவருக்குப் பயம் சாமியிடம் இல்லை, என்னிடம்தான்.

ஒன்பது நாள் இப்படியே போனது. நான் கிளாரன்ஸைத் திட்டினேன், பழைய இரும்புக் கடைக்காரனைத் திட்டினேன், மாரியம்மனிடமே "இது நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டேன். சனிக்கிழமை இரவு என் கணவர் பழைய பயணப் பையை எடுத்துத் தூசி தட்டினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டேன்.

"எதுக்கு இப்ப அது?"

"சும்மாதான்," என்று மென்று முழுங்கினார்.

ஞாயிறு காலை திடலில் பாதித் தாமான் கூடியிருந்தது. துடைப்பம், மண்வெட்டி, பெரிய அண்டாவில் மீகூன் நூடுல்ஸ். பரமேஸ்வரன் கழுத்தில் விசில் தொங்கியது. என் கணவர் கயிற்றை இழுத்தார். ரம்பம் சீறியது. மரத்தில் வைத்தார், தூள் பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலிருந்தவளிடம், "எங்க வூட்டுக்காரரு கையாலேயே செஞ்சது" என்று சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

மறுபடி டேங்கைத் திறந்தார்கள், மூடினார்கள், இழுத்தார்கள். நாலு நிமிடம். மறுபடி. மணி பத்தரை ஆகியும் மரத்தில் கால்வாசிகூட அறுபடவில்லை. பரமேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மிஸஸ் வேலு, கோவிச்சுக்காதீங்க. நான் பந்திங்காரனுக்குப் போன் போடட்டுமா?"

என் கணவர் மரத்தின்மேல் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். விறுவிறுவென்று போய் அந்த ரம்பத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏண்டா, ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்? எங்க கடையில இருக்கிறதுலயே ஒசந்த சந்தனம்டா அது."

பொட்டு வியர்வையிலும் மரத்தூளிலும் கலைந்திருந்தது. புதிதாக வைக்கலாம் என்று பழையதை நகத்தால் சுரண்டினேன். கட்டியாகப் பெயர்ந்து வந்தது. உடனே மூடியிலிருந்து உஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

கிளாரன்ஸின் தலை சட்டென்று திரும்பியது.

"அக்கா, வைக்காதீங்க. கொஞ்சம் நில்லுங்க. ஊக்கு இருக்கா?"

துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். சந்தனம் பெயர்ந்த இடத்தில், மூடியின் நட்ட நடுவில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் பாதிக்குமேல் இன்னும் சந்தனம். அவர் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார்.

"இது காத்து போற ஓட்டைக்கா," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "பால் டின்னுல ரெண்டு ஓட்டை போடுவோமில்ல, ஒண்ணுல காத்து போனாத்தான் இன்னொண்ணுல பாலு வரும். இத அடைச்சா பெட்ரோல் எறங்காது. மூடியத் தொறந்தா காத்து போயிரும், அதான் மறுபடி கொஞ்ச நேரம் ஓடுச்சு. நான் இத மொத நாளே பாத்திருக்கணும். ஒங்க பொட்டாச்சேன்னு தொடாம விட்டுட்டேன்."

வியாழக்கிழமை ஓடியது. வெள்ளிக்கிழமை நான் பொட்டு வைத்தேன். எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது.

கிளாரன்ஸ் எழுந்து, "தூசி அடைச்சிருந்துச்சு பாஸ், இப்ப ஓகே," என்றார் என் கணவரிடம்.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த நல்ல மனுஷன் என்னைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் ஒன்பது நாள் நான் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டவர் எனக்காகப் பொய்யும் சொல்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"தூசி இல்ல," என்றேன், திடல் முழுக்கக் கேட்கும்படி. "நான் வச்ச சந்தனம். ஒம்பது நாளா நாந்தான் அந்த மிஷினோட மூக்கப் பொத்தியிருக்கேன். திட்டுறவங்க என்னைத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரத்திலிருந்து வழுக்கிப் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். பரமேஸ்வரன் வாயிலிருந்த விசில் அவர் சிரித்த சிரிப்பில் தானாக ஊதியது. அவ்வளவுதான், மொத்தத் திடலும் சிரித்தது. எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அந்த ரம்பம் நிற்கவே இல்லை. பெட்ரோல் ஊற்ற மட்டும்தான் நிறுத்தினார்கள். கடைசித் துண்டு உருண்டபோது பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. பரமேஸ்வரன் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் பள்ளிவாசல் ரோட்டு மரத்துலேர்ந்து ஆரம்பிச்சிருங்க," என்றார்.

ராத்திரி மீன்குழம்பு வைத்தேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். காதுக்குள் இன்னும் மரத்தூள்.

"அந்த அட்டைய எடுங்க," என்றேன்.

"எந்த அட்டை?"

"ஜோகூரு அட்டை. நான் என் கையால கிழிக்கணும்."

அவர் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "அது மிஷின்ல இருக்கு."

"மிஷின்லயா?"

"கேஸ்கெட்டுக்குத் தடிச்ச அட்டை வேணும்னு கிளாரன்ஸ் சொன்னாரு. வீட்ல வேற எது தடிப்பா இருந்துச்சு? மொத வாரமே வெட்டிட்டேன்."

முதல் வாரம். அந்த ரம்பம் ஒரு தடவைகூடச் சத்தம் போட்டிராத நேரம் அது.

"அப்ப நேத்து பைய எடுத்துத் தட்டுனீங்களே?"

"ரம்பத்த வச்சுத் தூக்கிட்டுப் போகப் பை வேணாமா?"

"சரி, மிஷின் ஓடாமலே போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"இங்கேயே ஒக்காந்து ஒங்கிட்ட திட்டு வாங்கியிருப்பேன்," என்றார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.